பின்சீற்றில் சீமெந்து

எழுபத்தொராம் ஆண்டு வேலியன்ற். கடுகு மஞ்சள்.
வையாலாவின் செம்மண் தூசி
நாளாந்தம் அதற்கு இன்னொரு நிறம் பூசும்.
நான் தனியே ஓடினால் ஒரு சத்தமும் இல்லை.

யூலையில் அடிலெய்டிலிருந்து
கோசலை மச்சாள் குடும்பம் வந்தது,
கடலில் கணவாய்கள் கூடுவதைப் பார்க்க.
பின்சீற்றில் மூன்று பேர், மடியில் சாப்பாட்டுப் பெட்டி,
எள் போட்டால் எள் விழாது.
பொயின்ற் லோலி வீதியின் முதற் பள்ளத்திலேயே
கர்ர்.
இரண்டாம் பள்ளத்தில் நீளமாக.
ரப்பர் கருகும் மணம்.
"மாமா, கீழே ஆரோ சுரண்டினம்" என்றான் ஆரணன்.
தவராசா அண்ணன் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டார்,
அதனால் பாரம் குறையும் என்பதுபோல.

அவர்கள் போன பிறகு சில்லைக் கழற்றினேன்.
மட்கார்ட் விளிம்பில் கறுப்புத் தூள்,
அழிறப்பர் தேய்த்த கொப்பிபோல.
இடப்பக்கம் மட்டும்.
அளந்தேன். இடம் ஒன்பது மில்லிமீற்றர்.
வலம் பதினேழு.
திரும்ப அளந்தேன்.
நூலில் ஒரு நட்டைக் கட்டித் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன்.
குண்டு பொய் சொல்லாது:
அச்சு நடுவில் இல்லை,
நாலு மில்லிமீற்றர் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது.

யாரோ ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம்
வீட்டுக்குப் போகும் அவசரத்தில் பூட்டியிருக்கவேண்டும்.
ஐம்பது வருசம் அப்படியே ஓடியது.
ஒல்லி ரயர் இருந்தவரை
கோணல் ஒரு குறையில்லை.
அகல ரயர் என் ஆசை.

பக்கத்து வீட்டு டாரில் வேலியால் எட்டிப் பார்த்தான்.
"தனியாத்தானே ஓடுறாய்?
பின்சீற்றைக் கழற்றி எறி. பிரச்சினை முடிஞ்சுது."
பகிடியாகத்தான் சொன்னான்.
நான் நேரே கடைக்குப் போய்
பதினொரு மூட்டை சீமெந்து வாங்கிவந்தேன்,
ஒவ்வொன்றும் இருபது கிலோ.

அண்ணனுக்கு ஐந்து.
மச்சாளுக்கு மூன்று (அவளிடம் சொல்லவேண்டாம்).
ஆரணனுக்கு இரண்டரை.
மிச்ச அரை மூட்டை கராஜ் மூலையில்.
சீற் பெல்ற்றும் போட்டுவிட்டேன்.
வில்லுத் தகடுகள் முனகி இறங்கின.
இடப்பக்கம் இப்போது ஒரு தீப்பெட்டிக் குச்சி போகவில்லை.

டாரிலின் மகளுடைய சொஃப்ட்போல் மட்டை.
பிடியில் நீலப் பேனாவால் கேய்லா என்று எழுதியிருக்கிறது.
அதை ரயருக்கும் விளிம்புக்கும் நடுவில் செருகி
பெயின்ற்றுக்குச் சூடு காட்டினேன்,
கை வைத்தால் சுடும், நிறம் மாறாது, அந்த அளவு.
டாரில் தள்ளினான். அங்குலம் அங்குலமாக.
மட்டை உருண்டது.
சாரத்து விளிம்பை இடுப்பில் சொருகுவதுபோல
தகரம் உள்ளே மடிந்தது.

பாதி வழியில் ஒரு சின்ன டிக்.
முட்டை ஓட்டில் விழும் கீறல்போல
பெயின்ற்றில் ஒரு மயிர்க்கோடு.
டாரில் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான்,
நானும் எங்கள் பாசையில் ஒன்று.
இருவருக்கும் மற்றவர் சொன்னது விளங்கியது.

பின்னேரம் சீமெந்துக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு
அதே வீதியால் போனேன்.
முதற் பள்ளம். காது கொடுத்தேன்.
இரண்டாம் பள்ளம்.
வேண்டுமென்றே மூன்றாவதில் வேகமாக விழுத்தினேன்.
காற்று மட்டும்தான்.
பெற்றோல் அடித்த இடத்தில் ஒரு பிள்ளை
பெல்ற் போட்ட மூட்டைகளைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
மிச்சக் காசைத் தந்தாள்.

இரவு மச்சாளுக்கு எழுதினேன்:
"சரியாக்கிப் போட்டன்."
கனநேரம் கழித்துப் பதில் வந்தது:
"என்னத்தை?"

பிறகு, கணவாயின் படம் ஒன்று.
மங்கல். தண்ணீருக்குள் எதுவோ நிறம் மாறுகிறது.

ஆரணனின் அரை மூட்டை
வரும் வழியில் கொட்டுண்டிருக்கிறது.
இன்னும் சீற் தையலுக்குள் இருந்து
சாம்பல் தட்டுகிறேன்.