நீல டேப்புக்குள் ஒரு தீவு

ஞாயிற்றுக்கிழமை. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
மைரன் தரையில் மண்டியிட்டு
நீல டேப்பை நீளமாக இழுத்து ஒட்டுகிறான்.
ஆறடிக்கு மூன்றடி.
"இந்தா, உன் தீவு."

தீவு என்பது கெய்லின் தந்த சொல்.
சுவர் எதையும் தொடாமல்
சமையலறை நடுவே நிற்கும் மேடைக்கு அந்தப் பெயராம்.
எந்தக் கடலுக்கும் எட்டாத சாஸ்கட்டூனில்,
கோதுமை விளைகிற பூமியில்,
எனக்கு ஒரு தீவு.

கெய்லினுக்கு இருபத்தாறு வயது இருக்கலாம்.
கையிலிருந்த கருவியின் சிவப்புப் புள்ளியால் அறையை அளந்தாள்.
ஒரு மூலை நேராக இல்லை என்பதைத்
தாழ்ந்த குரலில் சொன்னாள்.
வார்டில் நானும்
சில செய்திகளை அந்தக் குரலில்தான் சொல்வேன்.
அடுப்பு, தொட்டி, ஃபிரிட்ஜ்
மூன்றையும் கோடிட்டு இணைத்து
இதில் தினமும் எத்தனை தடவை நடப்பீர்கள் என்றாள்.
யார் எண்ணினார்கள்?
இரவுப் பணி முடிந்து வருகிறவள் நடப்பதில்லை,
கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு நகர்கிறாள்.

மைரன் தானிய லாரி ஓட்டுகிறவன்.
அவனுக்கு எல்லாமே திருப்பக் கணக்கு.
"பாத்திரங்கழுவிக் கதவைத் திறந்தால்
அவன் கதவு முட்டும்.
சந்துக்குள் ரெண்டு வண்டி
ஒரே நேரத்தில் ரிவர்ஸ் எடுக்க முடியாது."
கெய்லின் அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள்.

உள்ளே இருப்பதையெல்லாம் எழுதித் தரச் சொன்னாள்.
எழுதினேன்.
கத்தரிக்கோல் நான்கு.
மூடி இல்லாத டப்பா பதினேழு,
டப்பா இல்லாத மூடி இருபது.
வெண்ணெய்க் கத்தி ஒன்று, யாருடையதோ.
இருபத்திரண்டு வருஷக் குடித்தனம்
ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது.

உயரம் பார்க்க
அட்டைப் பெட்டிகளை அடுக்கினோம்.
முப்பத்தாறு அங்குலம்தான் வழக்கம் என்றார்கள்.
யாருடைய இடுப்புக்கு வழக்கம்?
வரெனிகிக்கு மாவு உருட்டுவதாக நினைத்துக் கையை ஓட்டினேன்.
என் தோள் காதுவரை ஏறியது.
அவன் நின்றபோது முதுகு கொக்கி மாதிரி வளைந்தது.
நடுவில் ஓர் அளவு தேடினோம்.
இருவருக்குமே பொருந்தாத ஓர் அளவுதான் கிடைத்தது.

பெட்டிகளை எடுத்துவிட்டோம், டேப் இருந்தது.
முதல் நாள் மறந்துபோய் அதன் மேல் நடந்தேன்.
"இடுப்பெலும்பு போயிற்று," என்றான் காபியோடு.
இரண்டாம் நாள் அவன் போனான்,
"முட்டி," என்றேன்.
நான்காம் நாள்
காய்கறிப் பைகளோடு வந்த இருவரும்
வெறுந்தரையைச் சுற்றிக்கொண்டு போனோம்.
பூனை மட்டும் சட்டம் தெரியாமல்
தீவின் நடுவே படுத்திருந்தது.

பிறகு விலைப்பட்டியல் வந்தது.
நாற்பத்தேழாயிரத்து அறுநூறு டாலர்.
அவன் மேலிருந்து கீழே படித்தான்,
நான் கீழே ஒருமுறை பார்த்ததோடு சரி.
விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும்;
இங்கே கை முழுக்க வீங்கியிருந்தது.
தீவுக்கு மட்டும் பதினோராயிரம்.
சிவப்புப் பேனாவால் அதை அடித்தது நான்தான்.
அவன் எதுவும் சொல்லவில்லை, எழுந்துபோய்
பூனைக்குத் தண்ணீர் மாற்றினான்.

ஆழமான தொட்டி இருக்கட்டும்.
குனியாமல் இழுக்கிற இழுப்பறைகள் இருக்கட்டும்.
வெட்டுகிற இடத்துக்கு மேலே
ஒரு விளக்கு கட்டாயம்.
இத்தனை காலம் என் நிழலுக்குள்ளேயே
வெங்காயம் நறுக்கியிருக்கிறேன்.
கெய்லின் புதுப் படம் அனுப்பினாள்.
தீவு இருந்த இடத்தில் வெள்ளை,
வெள்ளைக்குள் ஒரு சின்ன அம்புக்குறி: நடைபாதை.

சனிக்கிழமை டேப்பை உரித்தோம்.
கொஞ்சம் வார்னிஷும் சேர்ந்து வந்தது.

திங்கள் காலை ஆறரை, இன்னும் இருட்டு.
நான் பணி முடிந்து உள்ளே வருகிறேன்,
அவன் பிளாஸ்க்கோடு வெளியே கிளம்புகிறான்.
ஒன்றுமில்லாத அந்த இடத்தின் மூலையில்
எதிரெதிரே வந்து நிற்கிறோம்.
குறுக்கே போயிருக்கலாம்.
"நீ திரும்பு," என்கிறான்.
"உன் வண்டிதான் பெரிசு, நீ முதலில்," என்கிறேன்.
கெட்டில் கொதித்து, தானே அணைகிறது.
இன்னும் யாரும் போகவில்லை.