இருபதுக்குக் கீழே

இருபது கிலோமீட்டருக்கு மேல்
டயரே பேசிவிடும்.
அதற்குக் கீழே பேசத்தான்
எனக்குச் சம்பளம்.

ஷா ஆலம் அலுவலகத்தில் எல்லாருக்கும் பிடித்தது
ஏழாவது மாதிரி:
கண்ணாடிக் குவளை விளிம்பில்
ஈர விரல் சுற்றுவதுபோல் ஒன்று.
"எதிர்காலம் இப்படித்தான் ஒலிக்கும்" என்றார் மேலாளர்.
எதிர்காலத்தை ஏற்றிக்கொண்டு
நானும் ஹபிசுலும் பகாவுக்குப் போனோம்.

சீன மருந்துக்கடை, அடகுக்கடை, முனீஸ்வரர் கோயில்,
அப்புறம் செம்பனை, செம்பனை, செம்பனை.
மில்லில் ஷிப்ட் முடியும் நேரம்.
மழை விட்டிருந்தது,
தகரக் கூரைகள் இன்னும் விடவில்லை.

பன்னிரண்டில் ஓட்டினான் ஹபிசுல்.
நாய் எழுந்து நின்றது.
மாடுகள் காதை மட்டும் திருப்பின.
சைக்கிள் பையன் சிரித்தபடி விலகினான்.
முன்னால் ஒருத்தி
தலையில் துண்டு, கையில் டிபன் கேரியர்,
சாலையின் நட்டநடுவே
தன் வீட்டுக் கூடத்தில்போல் நடந்துகொண்டிருந்தாள்.

ஏழாவது மாதிரி அவள் முதுகில் பட்டுக்
கீழே விழுந்தது.

பிரேக்.
மூன்றடி.
சரளை நசுங்கிய பிறகுதான் திரும்பினாள்.

பெயர் கோகிலம்.
பிரஸ் ஸ்டேஷனில் பத்தொன்பது வருஷம்.
"மெல்லிசா வர்ற சத்தம் எதுவும் எனக்கு இல்ல தங்கச்சி.
போன் அடிச்சா மகன் வந்து சொல்லணும்.
கொசு கடிச்சாத்தான் வந்தது தெரியும்."
காதடைப்பான் கொடுப்பார்களே என்றேன்.
"குடுப்பாங்க.
அப்புறம் மண்டோர் கூப்பிட்டா யாரு கேக்கறது?"

அன்றிரவு ஓட்டல் அறையில்
குவளையை உடைத்தேன்.
இரண்டாயிரம் ஹெர்ட்ஸிலிருந்து
படிப்படியாக இறங்கினேன்,
எண்ணூறு, அறுநூறு, இன்னும் கீழே.
கைப்பேசியில் பதிந்துவந்த சரளையின் சொரசொரப்பை
அடியில் பரப்பினேன்.
கேட்க நன்றாக இல்லை.
தொண்டை கட்டிய யாரோ
பின்னால் நின்று செருமுவதுபோல் இருந்தது.
ஹபிசுல் ஹெட்போனைக் கழற்றிவிட்டு
"இது பேயா?" என்றான்.

மறுநாள், அதே சாலை, பத்தில்.
முப்பதடி இருக்கும்போதே
கோகிலம் ஓரம் ஒதுங்கினாள்.
திரும்பிப் பார்க்கவில்லை.
"எவன்டா அது, வழி விட்டாச்சு, போ!"

அறிக்கையில் ஒரு கட்டம்:
பாதசாரியின் எதிர்வினை.
அவள் சொன்னதை அப்படியே எழுதினேன்.

ஷா ஆலம் ஒரு வரியில் கேட்டது:
கொஞ்சம் இனிமையாக்க முடியுமா?

மழையில் இன்னும் சோதிக்கவில்லை
என்று பதில் போட்டுவிட்டு
ஜன்னலைத் திறந்து வானம் பார்த்தேன்.