உள்ளே போகும் ஆமாம்

ஜிம்மாவில் ஆமாம் என்று சொல்ல
ஒரு சொல் தேவையில்லை.
சுடுகஞ்சி நாக்கில் பட்டதுபோல
சட்டென்று மூச்சை உள்ளே இழுத்தால் போதும்.
முதல் வாரம்
நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும்
அறுபத்திரண்டு பேர் திடுக்கிட்டார்கள்.
புரிகிறதா? ஹ்.
அடுத்த பக்கம் போகலாமா? ஹ்.
பிள்ளைகளுக்குக் காற்று போதவில்லை என்று
ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டேன்.

உரையாடல் ஆங்கிலம், இரண்டாம் ஆண்டு,
செவ்வாய் வியாழன், தகரக் கூரை.
மழை வந்தால் வகுப்பில் மழை மட்டும் பேசும்.
"ஹாவி, யெஸ் என்பது வெளியே வர வேண்டிய சொல்.
எதிரில் இருப்பவருக்குக் கொடுக்கிற சொல்.
நீயே விழுங்கிவிட்டால் எப்படி?"
ஹாவிக்குப் புரிந்துவிட்டது.
ஹ்.

நான்கு வருடம்.
வழி கேட்பது, விலை பேசுவது,
மருத்துவரிடம் வலியைச் சொல்வது.
பாடம் ஒன்பது, மனம் நோகாமல் மறுப்பது:
ஐ வுட் லவ் டு, பட்...
அந்தப் 'பட்'டுக்குப் பிறகு என்ன வரும் என்று கேட்டால்
லெலிசா சொல்வான், "மாடு வரும் டீச்சர்."
அவன் வீட்டில் எல்லாச் சாக்குக்கும் மாடுதான்.

ஜூலை விடுமுறை. கிருஷ்ணகிரி.
பெங்களூரா காய் ஏற்றிய டிராக்டர்கள்
மாங்கூழ் ஆலை வாசலிலிருந்து
பாதிச் சாலையை அடைத்து நின்றன.
காற்றில் காம்புப் பால் வாடை.
டன் என்ன விலை என்பதைத் தவிர
யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.
அண்ணன் முனிரத்தினம்
எத்தனை நாள் இருப்பாய் என்று தெலுங்கில் கேட்டான்.
பிறகு தமிழுக்கு மாறினான்.
எங்கள் வீட்டில் பணம் எப்போதும் தமிழில்தான் பேசும்.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒன்றரை ஏக்கர்,
நாற்பத்தொரு மரம்.
"நீ அங்கயே இருக்கே. இத வச்சு என்ன பண்ணப்போறே?"
கேள்வி மாதிரி இருந்தது, கேள்வி இல்லை.
இப்படி ஒரு வாக்கியத்தை
என் பாடப்புத்தகத்தில் எங்கே வைப்பார்களோ.
சரி என்றேன்.
இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்றால்
சொல்வோமே, அந்தச் சரி.

சார்பதிவாளர் அலுவலகம், டோக்கன் பத்தொன்பது.
விரல் வைக்க ஒரு கருவி,
முகத்தைப் பிடிக்க ஒரு குட்டிக் கேமரா.
விடுதலைப் பத்திரத்தை ஒரே மூச்சில் படித்துவிட்டு
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார் பதிவாளர்.
"மனப்பூர்வமாத்தானே எழுதிக் குடுக்கறீங்க?"

ஹ்.

சத்தியமாக அது ஆமாம்தான்.
நான்கு வருடப் பழக்கம், தொண்டை தானாகச் செய்தது.
பதிவாளர் பேனாவை மூடிவிட்டார்.
"அந்தம்மாவுக்குத் தண்ணி குடுங்கப்பா."
யாரோ மின்விசிறியைக் கூட்டினார்கள்.
இருபதாம் டோக்கன் பெண் என் முதுகைத் தடவினாள்.
"அழாதீங்கம்மா. நல்லா யோசிச்சு அடுத்த வாரம் வாங்க."
நான் அழவே இல்லை.

விளக்கிச் சொல்லியிருக்கலாம்.
மூன்று மொழி தெரியும்,
நான்காவதை விற்றுத்தான் சாப்பிடுகிறேன்.
டம்ளர் பெரியது.
கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

வெளியே புளிய மரத்தடியில்
அண்ணன் வண்டிச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"ஏமைந்தே நீக்கு?"
இப்போது தெலுங்கு.
சின்ன வயதில் நான் கிணற்றுப் படியில் விழுந்தபோதும்
இதே குரலில் கேட்டான்.
அதனால் இன்னும் கஷ்டமாகிவிட்டது.

போனில் ஹாவியின் குரல்.
யெஸ் டீச்சர், யெஸ் டீச்சர் என்று பத்து முறை,
விடுமுறைப் பயிற்சி.
ஒன்றுகூட உள்ளே போகவில்லை,
எல்லாம் கச்சிதமாக வெளியே.
பின்னால் தகரத்தில் மழை.

"நாளைக்கே வந்துடலாமா, இல்ல அடுத்த வாரமா?"
மறுபடி தமிழ்.

"வரணும்னுதான் இருக்கு," என்றேன், "ஆனா..."

ஆனாவுக்குப் பிறகு என்ன வரும் என்று
அவன் காத்திருந்தான்.
நானும் காத்திருந்தேன்.
சாலையில் ஒரு மாடுகூட இல்லை.