பேணிக்குள் ஏழு படம்

எட்டு மில்லிமீற்றர் அகலம்.
ஒரு எறும்பு ஏறினால் ஒரு ஆள் மறைஞ்சுபோவான்.
மல்லாவியில், ரியூப் ஒட்டுற கடையின் பின்னறையில்,
பால்மாப் பேணிகளில்
இப்படி ஏழு படம் வைச்சிருக்கிறன்.
எல்லாம் ஊமைப்படம். எல்லாம் விழுந்தெழும்புற படம்.

மூண்டாவது பேணியில் ஏணிக்காரன்.
அவன் திரும்ப, ஏணியின் பின்முனை
பொலிஸ்காரனின் தொப்பியைத் தட்டும்.
பதினொரு தரம். எண்ணி வைச்சிருக்கிறன்.
பன்னிரண்டாந் தரம் பொலிஸ்காரன் குனிவான்,
பின்னால் அவனைவிடப் பெரிய பொலிஸ்காரன்...
அதோடை பிலிம் அறுந்துபோச்சு.

கரண்ட் இல்லாத அந்த வருசங்களில்
குகநேசன் சைக்கிள் மிதிப்பான், டைனமோ பல்பை எரிக்கும்.
யூரியாப் பைகளைப் பிரிச்சுத் தைச்சதுதான் திரை;
கதாநாயகியின் நெத்தியில் ‘50 கிலோ’ எண்டு
கண்ணாடி எழுத்தாய்த் தெரியும்.
கைபிடியைச் சுத்துறது நான்.
விழுறவனை அரைவாசியில் நிப்பாட்டி
பீடி பத்த வைச்சுப்போட்டு
பிறகு விழுத்துவன்.

பேசும் படம் அப்ப எங்களுக்குச் சரிவராது.
பாட்டுக்குள்ளை கிபிர் வந்தால் ஆருக்குக் கேட்கும்?
இதில் கண் திரைக்கு, காது வானத்துக்கு.
ஆரோ கையைத் தூக்கினால்
சிரிப்பைப் பாதியில் விழுங்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்குவம்.
இரைச்சல் போனதும்
விட்ட இடத்திலிருந்து சிரிப்பம்.

வெளிக்கிட்டபோது ஒம்பதைத் தாட்டு வைச்சன்.
திரும்பி வந்து கிண்டினால் ஏழு.
ரண்டு, வினாகிரி மணத்தோடை களியாய்ப் போச்சு.
குகநேசனைப் பற்றி நான் இதில் எழுதேல்லை.

போன ஆவணியில் சுவிசிலிருந்து ஒருத்தர் வந்தார்,
வெள்ளைக் கையுறை, பூதக்கண்ணாடி, தோளில் கமராக் கால்கள்.
ஏணிக்காரனை வெளிச்சத்தில் பிடிச்சுப் பாத்தார்.
முகம் வெளிறிச்சு.
இதின்ரை வால் தன்னட்டை இருக்காம்,
தலையில்லாமல், ஒண்டரை நிமிசம்.
விலை சொல்லுங்கோ எண்டார்.
நீங்கள் சொல்லுங்கோ எண்டன்.
அவர் விக்க மாட்டார். நானும்.
முடிவையாவது சொல்லட்டோ எண்டு வாயெடுத்தார்;
பொத்தினன், அவரின்ரை வாயை, பசைக் கையாலை.

கோவத்தோடை திரும்பினார்.
தோளிலிருந்த கமராக் காலின் பின்முனை
ஆணியில் தொங்கின ரிம்மைத் தட்ட,
அது அடுத்ததைத் தட்ட,
கடைசி ரிம் உருண்டு றோட்டைக் கடந்து
பொலிஸ் ஸ்ரேசன் வாசலில் போய்ப் படுத்துது.

நல்ல காட்சி.
சத்தம்தான் கூடிப்போச்சு.