மேற்படி மரம்

ஏ தபசில்:
விஸ்கான்சின் மாநிலம், வென்லாக் கவுண்டி,
பொதுக் காடும் அதையொட்டிய பூங்காவும்,
அறுபத்து மூன்று ஏக்கர்.
பி தபசில்:
கம்பெனி தருவது. சோயா விளைந்து ஓய்ந்த நிலம்,
தொண்ணூற்றாறு ஏக்கர்.
கூட்டிக் கழித்தால் நமக்குத்தான் லாபம் என்றார்
கமிஷனர் வெர்லின் ஓஸ்கார்ட்.
யானைக்கும் பானைக்கும் சரி.

நான் அளக்கிறவன்.
பேச்சு என் வேலை இல்லை.
மார்ச் கடைசி, பனி இறுகிக் கிடக்கும்போதே
போய் முடித்துவிடு என்றார்கள்.
உருகினால் முழங்கால்வரை புதையும்.
அந்த ஈரம் எங்கே போகிறதென்று
அறிக்கையில் யாரும் கேட்கவில்லை.

1851-ல் இங்கே சங்கிலி இழுத்தவனின் குறிப்பு
என் சட்டைப் பைக்குள் இருந்தது:
"மூலையில் கம்பம் நட்டேன்.
சாட்சிக்கு, வெள்ளை ஓக், குறுக்களவு பத்து அங்குலம்,
வடக்கிலிருந்து கிழக்கே முப்பத்தொரு டிகிரி,
பன்னிரண்டு அடி."
பிறகு கொசுவைப் பற்றி ஒரு வரி.
கம்பம் எப்போதோ மக்கிப்போயிற்று.
சாட்சி நிற்கிறது.

எங்கள் தொழிலில் அதற்குப் பெயரே அதுதான்,
சாட்சி மரம்.
கோடாலியால் ஒரு பக்கம் பட்டையைச் சீவி
உள்ளே எண்களை வெட்டி விட்டுப் போவார்கள்.
மரம் ஆண்டுக்காண்டு மூடிக்கொள்ளும்.
இப்போது என் மார்பு உயரத்தில் ஒரு தழும்பு,
உதட்டைக் கடித்துக்கொண்டவர் வாய்போல.
கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டேன்.
நூற்றெழுபது வளையத்துக்கு அடியில்
எண்கள் அப்படியே இருக்கும்.
வெட்டினால்தான் வாசிக்க முடியும்.

மூன்று முறை அளந்தேன்.
கோடு ஒரு பதினைந்து அடி நகர்ந்தால்
மரம் கவுண்டிக்கு.
நகரவில்லை.
முக்காலியில் நின்ற கருவிக்கு
யாருடைய சம்பளமும் தெரியாது.

கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம்.
ட்சா ஹெர் எழுந்தார். அந்தக் காட்டில்
முப்பது வருடமாய் அணில் சுடுகிறவர்.
"சோயா வயலுக்கு அணில் எந்த வருடம் வரும்?"
கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.
கடிகாரம் மீதி நேரத்தைத்
தானே ஓடித் தீர்த்தது.

பிறகு இங்க்ரிட் பௌலஸ், எங்கள் தெருக்காரி:
"நம் குப்பை இப்போது எங்கே போகிறது, தெரியுமா?
தொண்ணூறு மைல் தள்ளி
யார் வீட்டுக் கிணற்றுக்கோ பக்கத்தில்.
அவர்களிடமும் ஒரு காடு இருந்தது.
அவர்களை யாரும் மைக் முன்னால் நிறுத்தவில்லை."
அவள் எந்தப் பக்கம் என்று புரியாமல்
கைதட்ட வந்தவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள்.
எனக்கும் இன்றுவரை புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை விடியலில்
என் வாசலிலும் தொட்டி நிற்கிறது.
காப்பிச் சக்கை, உடைந்த பனிக்காலணி,
தப்பாக அச்சான வரைபடங்கள்.
லாரி வந்து தூக்கிக் கவிழ்க்கிற சத்தத்தில்தான்
பல வாரம் நான் கண்விழிக்கிறேன்.
புரண்டு படுத்துக்கொள்கிறேன்.

ஐந்துக்கு இரண்டு. தீர்மானம் நிறைவேறியது.

பரிவர்த்தனைப் பத்திரத்துக்கு எல்லை விவரம்
நான்தான் எழுதிக் கொடுத்தேன்.
"மேற்படி மூலையிலிருந்து மேற்படி ஓடைவரை,
மேற்படி மரம் உட்பட."
வில்லங்கம் ஏதுமில்லை.
அடியில் சாட்சிகள் இருவர்,
கவுண்டி குமாஸ்தா ஒருத்தி, கம்பெனி வக்கீல் ஒருவர்.
இருவரும் காட்டுப் பக்கம் வந்ததில்லை.
வரவேண்டும் என்று சட்டமும் இல்லை.

சாட்சி அழியப்போகிறதென்றால்
மாற்றுச் சாட்சி வைத்தாக வேண்டும், அது விதி.
ஏப்ரலில் திரும்பிப் போனேன்.
ஓக்கில் யாரோ ஆரஞ்சு சாயம் அடித்திருந்தார்கள்,
தழும்புக்கு நேர் மேலே.
இரண்டரை அடி இரும்புக் கம்பியை
மூலையில் அடித்து இறக்கினேன்.
தரை இளகியிருந்தது, எட்டே அடியில் இறங்கிற்று.
உச்சியில் மஞ்சள் பிளாஸ்டிக் தொப்பி,
அதில் என் உரிம எண்.

வெயில், மழை, உறைபனி
எதுவும் இதை ஒன்றும் செய்யாதென்று
தொப்பி வந்த டப்பாவில் போட்டிருந்தது.
டப்பாவை வண்டியில் எறிந்துகொண்டு
வீட்டுக்கு வந்தேன்.
மறுநாள் செவ்வாய்.