பின்பாரம்

விளக்குப் பிடிப்பது மட்டும்தான் என் வேலை.
சலைனாவில் பிப்ரவரி.
கதவிடுக்கில் நுழையும் காற்று
கணுக்காலைத் தேடி வந்து கடிக்கிறது.
வண்டிக்கடியில் மல்லாந்து கிடக்கும் லீலண்ட்
"கொஞ்சம் இடப்பக்கம்" என்கிறான்.
உனக்கு இடமா எனக்கு இடமா என்று கேட்பதற்குள்
ஒரு திருகு உருண்டு எங்கோ போகிறது.

எழுபத்தொன்பதாம் வருடத்து பிக்கப்.
எட்டு சிலிண்டர், ஒரே நீள இருக்கை.
பதினேழு வயதில் இவன் கேட்டது வேறு:
தாழ்ந்த, அகன்ற, நின்றபடியே உறுமுகிற
இரண்டு கதவுக் கார்.
கடைவாசல் வரை கூட்டிப்போன அப்பா
இதற்குத்தான் பணம் கட்டினார்.
"காரில் கன்றுக்குட்டி ஏறாது" என்றாராம்.
அவ்வளவுதான் பேச்சு.

முப்பத்தாறு வருடம் கன்றுகள் ஏறின.
வைக்கோல் கட்டு, முள்கம்பிச் சுருள்,
என் கல்யாணத்துக்கு வாடகை நாற்காலி நூற்றிருபது,
ஒருமுறை அப்பாவே, கால் ஒடிந்து,
குதிரைப் போர்வையில் படுத்தபடி
வானத்தைத் திட்டிக்கொண்டு.

இப்போது
அவர் மறுத்த காரை
அவர் வாங்கிய வண்டிக்குள்ளிருந்தே
உரித்தெடுத்துக்கொண்டிருக்கிறான்.

பின்பக்கம் நான்கு அங்குலம் இறக்கியாயிற்று.
பம்பருக்குக் கறுப்படித்து
உடம்போடு ஒட்ட வைத்தாயிற்று.
பானட்டின் மேல் ஒரு மூக்கு:
ஹேஸ் பக்கம் உடைசல் கிடங்கில் கழற்றியது,
எந்தக் காருடையதோ, யார் எங்கே கொண்டுபோய் மோதியதோ.
கீழே துளை கிடையாது. காற்று உள்ளே போகாது.
நான் சொல்லவில்லை. அவனுக்கும் தெரியும்.
காபி கொண்டுவந்த கொரீன்,
என் மனைவி, அவன் தங்கை,
அதற்குள் விரலை விட்டுப் பார்த்து
"சளி பிடித்திருக்கிறது" என்றாள்.

ஏப்ரலில் வண்ணம்.
வெட்டிய பூசணிக்குள் தெரியும் ஆரஞ்சு.
நடுவே இரண்டு கறுப்புப் பட்டை,
மூக்கில் தொடங்கிக் கூரையேறி வால் வரை.
நூலின் ஒரு முனை அவனிடம், மறுமுனை என்னிடம்.
நான் தும்மினேன்.
இடதுபட்டை வாலருகே அரைவிரல் தடிமன் கூடுதல்.
இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பின்கதவில் ஒரு குழி,
சிவப்புக் கிடேரி ஒன்று உதைத்தது.
மற்ற நெளிவையெல்லாம் புட்டி வைத்து இழைத்தவன்
இதை மட்டும் விட்டுவிட்டான்.
கேட்டதற்கு, "புட்டி தீர்ந்துபோச்சு."
அலமாரியில் இரண்டு டப்பா இருந்தது.
கறுப்புப் பட்டை அந்த இடத்தில்
கொஞ்சம் இறங்கி, கொஞ்சம் ஏறிப் போகிறது.

முதல் சனிக்கிழமை. சான்டா ஃபே சாலை, சிகப்பு விளக்கு.
பக்கத்தில் புத்தம்புதுக் கார்,
உள்ளே மூன்று கல்லூரிப் பையன்கள்,
கட்டைவிரல் காட்டினார்கள்.
பச்சை விழுந்தது. லீலண்ட் மிதித்தான்.
சத்தம் வந்தது, அடிவயிற்றில் கேட்கும் சத்தம்.
புகை வந்தது.
வண்டி மட்டும் வரவில்லை.
காலிப் பெட்டி, கனமில்லாத பிட்டம்,
சக்கரங்கள் நின்ற இடத்திலேயே தார் கடைந்தன.
பையன்கள் அடுத்த சிக்னலில் இருந்தார்கள்.
நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
அவன் சிரித்தானா இருமினானா தெரியவில்லை.
"பின்பாரம் வேணும்" என்றான்
வீட்டு வாசலில், எஞ்சினை அணைத்த பிறகு.

திங்களன்று கூட்டுறவுக் கடையில்
ஐம்பது பவுண்டு மூட்டை ஆறு வாங்கினோம்.
மணல் மலிவு. இவன் கன்றுத் தீவனம் கேட்டான்.
கன்றுகளை விற்று எட்டு வருடம் ஆகிறது;
கல்லாவில் இருந்த ஆர்வில் ஒன்றும் கேட்கவில்லை,
பில்லை மட்டும் இரண்டுமுறை பார்த்தான்.
அச்சுக்கு நேர் மேலே அடுக்கினோம்.

மறு சனிக்கிழமை, அதே விளக்கு, வேறொரு கார்.
பச்சை.
முதுகு இருக்கையில் அறைய
பூசணி நிறத்தில் பாய்ந்தோம்.
எந்த மூட்டை எப்போது கிழிந்ததோ.
ஜெயித்தோமா என்று கேட்காதீர்கள்.
பின்கண்ணாடியில் பார்த்தேன்:
சான்டா ஃபே நெடுக
புறாக்கள் இறங்கிக்கொண்டிருந்தன.