பதினைந்து தோல்விகளுக்கான அறிக்கை

முதலில் கணக்கு.
பதினேழு ஆட்டம், இரண்டு வெற்றி.
எடுத்த புள்ளிகளை எழுதப்போவதில்லை.
கொடுத்தவை நானூற்றுத் தொண்ணூற்றொன்று.

மைதானம் கிடையாது. புல்லும் கிடையாது.
செவ்வாய் இரவு ஒன்பது மணிக்கு
விஸ்கான்சினில், சமையலறை மேசையில்,
பொய்ப்பல் செய்யும் ஆர்லிஸ் வோல்ட்
ஒரு பொத்தானை அழுத்துவாள்.
நான்கு நொடி.
எங்கள் பதினாறு பேரின் வாரமும் முடிந்துவிடும்.
டுலூத்தில் நான்
பனி தள்ளும் வண்டியை ஏரியோரம் நிறுத்தி
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
தோற்றுவிட்டேனா என்று பார்ப்பேன்.
தோற்றிருப்பேன்.

காரணம் எழுத வேண்டும் என்பது விதி.
சரி, காரணம் நான்.
முன்வரிசை ஐந்து பேரை
இருப்பதை வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்று நினைத்து
மிச்சம் பிடித்த சம்பளத்தையெல்லாம்
கோர்ட்லண்ட் பீவியின் வலது கையில் கொட்டினேன்.
எறிதிறன் தொண்ணூற்று நான்கு!
எறிய விட்டால்தானே.
பத்து வாரத்தில் ஐம்பத்தெட்டு முறை
அவனைத் தரையில் சாய்த்தார்கள்.
பதினோராம் வாரம் ஒரே ஒரு வரி வந்தது:
தோள்பட்டை, ஆண்டு முடியும்வரை.
இல்லாத தோள்தான்.
அன்றிரவு என் தோளைத் தேய்த்துக்கொண்டே
மூன்றாம் தெருவை இரண்டு தடவை தள்ளினேன்.

கடைசி ஆட்டத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள்.
தோற்றிருந்தால் புதியவர் தேர்வில் முதல் ஆள் எனக்கு.
எல்லாரும் செய்வதுதான்:
நல்லவர்கள் பெயருக்கு நேரே ஓய்வு என்று எழுதிவிடுவது.
நானும் எழுதினேன்.
அழித்தேன்.
ஓடன் ட்ரிக்ஸ், மூன்றாம் பந்தெறிபவன், வயது முப்பத்தாறு;
திங்கட்கிழமையோடு அவன் பெயரை நீக்கிவிடுவதாக
எந்திரம் தேதி குறித்திருந்தது.
ஒன்பது ஆண்டில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை.
இறக்கினேன்.

நான்கு நொடி.
இருபத்துநான்கு, இருபத்தொன்று.
ஆண்டெல்லாம் கோணலாக உதைத்தவன்
நாற்பத்தெட்டு கஜத்திலிருந்து நேராக உதைத்திருந்தான்.
ஆர்லிஸ் எழுதினாள்:
முட்டாளே, தலைமுறைக்கு ஒருவனை
மூன்று புள்ளிக்கு விற்றுவிட்டாய்.
விற்றேன்தான்.

இனி திட்டம்.
இரண்டாம் தேர்வில் பந்தெறிபவனை எடுக்கப்போவதில்லை.
சுவர் இருந்தால்தானே சித்திரம்.
இடது ஓரத்துக்கு டெமரியஸ் ஊல்சி,
முந்நூற்று இருபது பவுண்டு;
எந்திரம் நேற்றுதான் பெற்றது, வயது இருபத்திரண்டு.
நடுவில் ஒருவன், மலிவாக.
வலது பக்கம் இன்னும் யோசிக்கவில்லை.

பீவியைக் கொடுத்துவிடுகிறேன்.
இந்த வரியை எழுத மூன்று நாள் ஆனது.
இரண்டு அணி கேட்டன.
குறைவாகத் தருகிற அணிக்கே அனுப்புகிறேன்.
அங்கே அவன் முன்னால் நிற்கும் ஐந்து பேரையும்
ஒவ்வொருவராகத் திறந்து பார்த்துவிட்டேன்.
நல்லவர்கள்.

அடுத்த ஆண்டும் தோற்போம்.
ஐந்து வெற்றி என்று போட்டிருக்கிறேன்,
நான்கு வந்தால் சண்டைக்கு வரமாட்டேன்.

பழைய பட்டியலில் ட்ரிக்ஸ் இருக்கிறான்:
ஆட்டம் ஒன்று, வெற்றி ஒன்று.
அதற்குமேல் காலிக் கட்டங்கள்.

வண்டி ரேடியோவில் கூப்பிடுகிறார்கள்.
மேட்டுத் தெருவில் மறுபடி விழுகிறதாம்,
நான் ஏழு மணிக்குத் தள்ளிவிட்டு வந்த
அதே இடத்தில்.